ரெட்நெக் என்று கூப்பிடலாமா? அமெரிக்கப் பேச்சு பற்றிச் சில கேள்வி பதில்கள்

கேள்வி (ஹூஸ்டன்): சார், ஆபீசில் ஒருவர் தன்னையே 'ரெட்நெக்' என்று சொல்லிச் சிரிக்கிறார். நானும் அப்படிக் கூப்பிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வெயிலில் குனிந்து வயல்வேலை செய்தால் வெள்ளைக்காரர்களுக்குப் பிடரி சிவந்துபோகும். தென் மாநிலங்களின் ஏழை வெள்ளை விவசாயிகளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இப்படி இளப்பமாகப் பேசினார்கள். அப்புறம் 1921இல் மேற்கு வர்ஜீனியாவில் பிளேர் மலைச் சண்டை. சங்கம் வைக்கும் உரிமைக்காக நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டி, துப்பாக்கியோடு கிளம்பினார்கள். அவர்களுக்கும் இதே பெயர்தான். பெயரே அங்கேதான் பிறந்தது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள், அதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. இன்று பிக்கப் டிரக்கும் வேட்டையுமாக இருப்பவர்கள் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அவர் சொன்னால் வேடிக்கை, நீங்கள் சொன்னால் வசவு.

கேள்வி (செயின்ட் லூயிஸ்): இண்டியானாவிலிருந்து குடிவந்தோம். "நாங்கள் ஹூஷர்" என்றதும் பக்கத்து வீட்டு அம்மா ஒரு மாதிரி பார்த்தார். ஏன்?

பதில்: பாவம், அவர் குழம்பியிருப்பார். இண்டியானாவில் அது மாநிலத்துக்காரர்களைக் குறிக்கும் கௌரவமான பெயர். பல்கலைக்கழக விளையாட்டு அணிக்கே அதுதான் பெயர். 2017இல் மத்திய அரசின் அச்சக நடைக் கையேடும் 'இண்டியானன்' என்பதை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டது. செயின்ட் லூயிசில் அதே சொல்லுக்கு நாகரிகம் தெரியாத பட்டிக்காட்டான் என்று அர்த்தம். முற்றத்தில் ஓடாத காரைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கும் ஆளைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். இனி "இண்டியானாக்காரர்கள்" என்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பர்மிங்காம், அலபாமா): கடையில் பேனா கேட்டால் "இங்க் பென்னா?" என்கிறார்கள். வேறு என்ன பென் இருக்கிறது?

பதில்: குண்டூசி இருக்கிறதே! தெற்கில் பலருக்கு 'ன்', 'ம்' ஒலிகளுக்கு முன்னால் எகரம் இகரமாகிவிடும். பென், பின் இரண்டும் 'பின்' என்றே வாயில் வரும். அதனால்தான் முன்னால் ஓர் 'இங்க்'.

கேள்வி (பிட்ஸ்பர்க்): 'யின்ஸ்' என்றால் என்ன அண்ணா?

பதில்: 'நீங்கள் எல்லாரும்'. தெற்கத்திக்காரர்களின் 'யால்' செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது. ஸ்காட்லாந்து வழி ஐரிஷ்காரர்கள் கொண்டுவந்த 'யூ வன்ஸ்' தேய்ந்து இப்படி ஆனது. காரைக் கழுவ வேண்டும் என்பதற்கு நடுவில் 'டு பி'யை விட்டுவிட்டு "கார் நீட்ஸ் வாஷ்ட்" என்பதும் அவர்கள் கொண்டுவந்ததுதான். இலக்கணப் பிழை என்று திருத்தப் போகாதீர்கள்.

கேள்வி (டெட்ராய்ட்): மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்குப் போனோம். எங்களை 'ட்ரோல்' என்கிறார்கள். வம்பா?

பதில்: வம்பேதான், ஆனால் செல்ல வம்பு. இரண்டு தீபகற்பங்களையும் இணைக்கும் மேக்கினா பாலம் 1957இல் திறந்தது. வடக்கே இருப்பவர்களுக்குத் தெற்கத்திக்காரர்கள் எல்லாரும் 'பாலத்துக்குக் கீழே' வசிப்பவர்கள். வட ஐரோப்பியக் கதைகளில் பாலத்தடியில் பதுங்கியிருக்கும் பூதம்தான் ட்ரோல். உங்களை மட்டும் சொன்னதாக நினைக்காதீர்கள், டெட்ராய்ட் நகரமே அந்தக் கணக்கில்தான் வருகிறது. பதிலுக்கு அவர்களை 'யூப்பர்' ('யூ.பி.'க்காரர், அதாவது மேல் தீபகற்பத்துக்காரர்) என்று கூப்பிடுங்கள், கோபப்பட மாட்டார்கள். காரின் பின்னால் அதையே ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு திரிபவர்கள் அவர்கள்.