ஷாக் அப்சார்பரே மேற்கை: எம்ஜிபி காரின் முன்பக்கத் தொல்லை

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) உள்ளது. முன்பக்கத்தில் இடது மூலை சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. வேகத்தடையைத் தாண்டினால் முன்பக்கம் இரண்டு மூன்று முறை எழுந்து அமர்கிறது. ஓர் அங்குலம் தாழ்த்தும் ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாய் வடிவ ஷாக் அப்சார்பரைப் பொருத்தலாமா?
– வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: எறிந்துவிடாதீர்கள். உங்கள் காரில் உள்ள ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர் அதிர்வை அடக்குவதோடு நிற்பதில்லை. அதிலிருந்து நீளும் இரண்டு கைகள்தாம் சக்கரத்தின் மேற்கையாக (மேல்பக்கக் கை) நின்று, கிங்பின்னின், அதாவது சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சின், மேல்முனையைப் பிடித்திருக்கின்றன. 1947இல் வந்த எம்ஜி ஒய் சலூனில் தொடங்கி, எம்ஜிஏ வழியாக 1962இல் எம்ஜிபிக்கு வந்து சேர்ந்த அமைப்பு இது. ஆகவே அதைக் கழற்றினால் சக்கரத்திற்கு மேற்பிடியே இராது. சந்தையில் கிடைக்கும் மாற்றுத் தொகுப்புகள் சிலவற்றில் பழைய ஷாக் அப்சார்பரின் உடலை வெறும் கீலாக விட்டுவிட்டுக் குழாய் வகையைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். வேறு சிலவற்றில் மேற்கையையே புதிதாகத் தருகிறார்கள். நீங்கள் பார்த்திருப்பது எந்த வகை என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றல்ல. நின்ற நிலையில் ஒரு மூலை தாழ்வது ஸ்பிரிங்கின் கணக்கு. எழுந்து எழுந்து அமர்வது ஷாக் அப்சார்பரின் கணக்கு. சமதளத்தில் காரை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்தும் மேலுள்ள வளைவின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். பின்பக்கத்தை அளக்காமல் விடக்கூடாது. பின்னால் ஒரு பக்கத்து இலைவில் (பட்டை ஸ்பிரிங்) தளர்ந்துவிட்டால் அதன் குறுக்கு எதிர்மூலையில் முன்பக்கமும் உயரம் மாறிக் காட்டும், குற்றமற்ற முன் ஸ்பிரிங் பழி சுமக்கும்.

நீங்கள் வாங்கிய தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. 1974 இலையுதிர்காலத்தில் ரப்பர் பம்பர் வந்தபோது, அமெரிக்க விதிகளுக்காகக் காரின் உயரம் கூட்டப்பட்டது. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் பலரும் தேடுவது அந்தக் கார்களைப் பழைய நிலைக்கு இறக்கத்தான். உங்களுடையது முன்னரே தாழ்வான குரோம் பம்பர் கார். இன்னும் இறக்கினால் சக்கரம் மேலேற இடம் குறைந்து, குழி தோறும் ரப்பர் நிறுத்தியில் மோதும். இயல்பு உயர ஸ்பிரிங்கையே இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

கழற்றும்போது ஒரு விஷயத்தில் அசட்டையாக இருக்கவே கூடாது. சக்கரம் தொங்கும் நிலையிலும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அது விரிந்துவிடாமல் தடுத்து நிற்பது அந்த ஷாக் அப்சார்பர் கைகளே. எனவே காரைச் சட்டத்தின் கீழ் ஸ்டாண்டில் உறுதியாக ஏற்றி, ஸ்பிரிங் தட்டின் அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்த பிறகே கிங்பின்னின் மேல்முனைப் பின்னையோ, ஷாக் அப்சார்பரைக் குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையோ தொட வேண்டும். பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் பாரம் விழக்கூடாது. பிறகு ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து வரும்.

ஸ்பிரிங் வெளியே வந்ததும் ஷாக் அப்சார்பர் கைகளைக் கையால் மேலும் கீழும் முழுத் தூரத்துக்கு அசைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் தேன் பானையில் கரண்டி நகர்வதுபோல் சீரான தடை தெரியும்; நடுவில் வெறுமையாக ஓடினால் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. மேலுள்ள மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தெடுங்கள். நான் முதன்முறை அதைச் செய்யாமல் விட்டு, வால்வில் மணல் சிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். ஆர்ம்ஸ்ட்ராங் எண்ணெய் கிடைக்காவிட்டால் எஸ்ஏஇ 20 தர மினரல் எண்ணெய் போதும் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. கைகள் பூட்டியிருக்கும் தண்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தால் ஊற்றிப் பயனில்லை. புதுப்பிக்கப்பட்ட ஷாக் அப்சார்பருக்கு மாறிவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது கீழ்க்கையின் ரப்பர் புஷ் (கீலில் பொருந்தும் ரப்பர் வளையம்) நட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக்கூடாது. கார் தரையில் தன் பாரத்தில் நின்ற பிறகு இறுக்கினால்தான் ரப்பர் முறுக்கேறாமல் இருக்கும். நூறு மைல் ஓட்டியபின் அந்த நான்கு போல்ட்டுகளையும் மறுபடி சோதித்து, முதல்நாள் எடுத்த நான்கு அளவுகளையும் மீண்டும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.