பக்கமேடையில் நிற்கப்போகிறவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மார்கழியில் சென்னை சபா ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். கிரீன் ரூமும் மேடையும் என் பொறுப்பு. பள்ளிநாள் முதல் நான் கொண்டாடும் பாடகியின் மாலைக் கச்சேரியும் அதில் வருகிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருக்கு என்னென்ன வேண்டியிருக்கும்? ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கேட்கலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அவருக்கு வேண்டியது ஒரு பிளாஸ்க் வெந்நீரும், ஆள் நடமாட்டம் இல்லாத அறையும்தான். உங்கள் வேலையெல்லாம் அவரைச் சுற்றி உட்காருபவர்களிடம் இருக்கிறது. பாடகர் மேடையில் முகம் சுளித்தால் பெரும்பாலும் காரணம் சுருதி, இல்லாவிட்டால் மானிட்டர், அதாவது மேடையில் இருப்பவர்களுக்காக அவர்கள் பக்கம் திருப்பி வைக்கும் ஒலிபெருக்கி.

எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவார் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரையில். ஜலதோஷம், அரைக்கட்டை இறக்கிப் பாடப்போகிறார் என்று தெரிந்தால் உடனே கடம் வித்வானுக்குப் போன் போடுங்கள். வயலின் தந்தியைத் தளர்த்திவிடலாம். மிருதங்கத்தை விளிம்பில் தட்டி ஓரளவு இறக்கலாம். கடம் சுட்ட மண். வேறு கடம்தான் எடுத்து வரவேண்டும், அதுவும் அவர் வீட்டை விட்டுக் கிளம்புமுன் தெரிந்தால்தான் உண்டு.

அடுத்தது ஏசி. இதில்தான் பாதி சபாக்கள் கோட்டை விடுகின்றன. மார்கழியில் சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், மிருதங்கத் தோல் தளர்ந்திருக்கும். உலர்ந்த ஏசிக் காற்று பட்டதும் ஈரம் போய்த் தோல் இறுகும், சுருதி ஏறும். தம்பூராவின் எஃகுத் தந்தியோ விளக்குச் சூட்டில் நீண்டு இறங்கும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, கிரீன் ரூமில் அழகாகச் சேர்ந்திருந்த சுருதி, தொடக்கத்தில் பாடும் வர்ணம் முடிவதற்குள் கலைந்துவிடும். ஆகவே ஏசியையும் மேடை விளக்குகளையும் கச்சேரியில் எப்படி இருக்குமோ அப்படியே ஒரு மணி நேரம் முன்பே போடச் சொல்லுங்கள். வாத்தியங்கள் அரை மணிக்கு முன்பாவது திரைக்குப் பின்னால் மேடையிலேயே இருக்கட்டும். ஏசிக் காற்று நேராக மிருதங்கத்தின் மேல் விழுகிறதா என்று அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். விழுந்தால் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ஒட்டிய ரவை காய்ந்து வெடிக்கும், கும்கி என்னும் அடிநாதம் வராது. ரவையை மிருதங்க வித்வான் கொண்டுவருவார். ஒரு கிண்ணம் தண்ணீர், பழைய துணி, கீழே விரிக்கக் காகிதம் ஆகியவை உங்கள் பொறுப்பு.

தம்பூராவை ஒரு கை தண்டிலும் ஒரு கை குடத்தின் அடியிலுமாகத் தூக்குங்கள். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். குதிரைமேல் தந்திக்கடியில் இருக்கும் ஜீவா நூலைத் தொடவே வேண்டாம். நூலிழை நகர்ந்தால் நாதம் செத்துப்போகும், மறுபடி வைக்கப் பழகின கை வேண்டும். மாற்றுத் தந்தி ஒரு செட் இருக்கட்டும். செல்போன் செயலியில் ஒலிக்கும் தம்பூராவை நம்புவதானால் ஏரோபிளேன் மோடு கட்டாயம். ஆலாபனை நடுவில் யாரோ கூப்பிட்டு ரிங்டோன் ஒலித்த மேடைகள் ஏராளம்.

பாடகிக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். அப்போதுதான் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை சபையைப் பார்க்கும். மிருதங்க வித்வான் இடக்கைக்காரர் என்றால் இரண்டும் இடம் மாறும். இடக்கையால் வாசித்த மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை காலத்தில் இது பெரிய தகராறு, இப்போது கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

ஒலிச் சோதனையில் மானிட்டரில் முதலில் தம்பூரா, பிறகு குரல், அப்புறம்தான் மற்றவை. தம்பூரா காதில் விழாவிட்டால் பாடகி மைக்கை நெருங்குவார். நெருங்கினால் அடிக்குரல் தடித்துக் கேட்கும். ஒலிக்காரர் அதைச் சரிசெய்ய எதையாவது கூட்டுவார், மைக் ஊளையிடும். மேடையிலிருந்து வரும் கைச்சாடையை அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். பாடகி லேசாகத் தலை திருப்பினால் தெரிகிற இடத்தில் நின்றுகொள்ளுங்கள். பாட்டு ரசித்துக் கண்ணை மூடினால் தீர்ந்தது கதை. அன்றைக்குக் கச்சேரியை நீங்கள் சரியாகக் கேட்கப்போவதில்லை, அதற்குத் தயாராகவே போங்கள்.

துக்கடா எனும் கடைசிச் சிறு பாட்டுகளைக் கேட்டு ரசிகர்கள் அனுப்பும் சீட்டுகளைத் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி முடிந்ததும் மொத்தமாகக் கொடுங்கள். தனியின்போது கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்களை நிறுத்த யாராலும் முடியாது. கதவாவது அடிக்காமல் பிடித்துக்கொள்ளலாம். பொன்னாடை, செயலாளர் உரை எல்லாம் எப்போது என்று பாடகியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சன்மானக் கவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கையில் கொடுக்கவேண்டும். தம்பூரா போட்டவருடையதுதான் வழக்கமாக விட்டுப்போகும்.

படம்? கச்சேரிக்கு முன் கேட்கவே கேட்காதீர்கள். முடிந்ததும் கிரீன் ரூமில் கூட்டம் நெருக்கும், இரண்டரை மணி நேரம் பாடிய தொண்டையைப் பேசவைப்பார்கள். அவர்களை ஒழுங்குபடுத்துவதே உங்கள் வேலை, நீங்களே வரிசையில் நிற்க முடியாது. வாத்தியங்கள் காரில் ஏறியபின், வாசலில், பக்கவாத்தியக்காரர்களையும் சேர்த்துக் கேளுங்கள். அனேகமாகச் சரியென்பார்.