கூடாரம், கம்மல், நீலத் தார்ப்பாய்: வாசகர் கேள்விகள்

மழை ஓய்ந்து பெங்களூரில் கைவினைச் சந்தைப் பருவம் தொடங்குகிறது, அங்கே கடை போடுகிறவர்களின் கடிதங்களும் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் பதில். மற்றவர்கள் அதையே தங்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிவிசி குழாயில் நானே கடைச் சட்டம் செய்யப் போகிறேன். அரை அங்குலக் குழாய் போதுமா? (அல்சூர் வாசகி)

போதாது. அரை அங்குலக் குழாயில் தண்ணீர் போகலாம், புடவை தொங்க முடியாது. குத்துக்கால், குறுக்குச் சட்டம் எல்லாமே ஓர் அங்குலமாக இருக்கட்டும். குழாய்களை இணைக்கும் எல்போ, டீ மூட்டுகளையும் ஒரே அளவில் வாங்கிவிடலாம். பத்தடிக் குறுக்குச் சட்டத்துக்கு நடுவில் ஒரு கால் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நாலு புடவை மாட்டியதும் வில்லாக வளைந்துவிடும். குழாயை நாலடித் துண்டுகளாக வெட்டுங்கள், ஆட்டோவில் அடங்கும். பசையை எல்லா மூட்டிலும் பூசிவிடாதீர்கள்; அப்புறம் கழற்றவே முடியாது. ஒரு முனையை ஒட்டி, மறுமுனையில் துளை போட்டு ஸ்க்ரூ மாட்டுங்கள். மூட்டுக்கு மூட்டு மார்க்கரால் எண் போடுங்கள். சந்தைக்கு முதல் வாரம் மொட்டை மாடியில் ஒரு முறை முழுதாகக் கட்டிப் பாருங்கள்.

கூடாரம் காற்றில் பறக்காமல் இருக்க எவ்வளவு எடை வேண்டும்? (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

கூடாரத்தின் அளவும் இல்லை. மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்வீர்களா? பத்துக்குப் பத்து என்று நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு காலுக்கு 20 கிலோ. செங்கல் ஒன்று மூன்று கிலோ தேறும். காலுக்கு இரண்டு செங்கல் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதே, அது போதும். காலியாகக் கொண்டுபோய் மைதானத்தில் நிரப்புங்கள். கேனைக் காலடியில் சும்மா வைத்தால் பயனில்லை. கூரையின் மூலையிலிருந்து கயிறு இறக்கிக் கேனில் கட்ட வேண்டும். பக்கத்துக் கடைக் காலில் கட்டாதீர்கள், போனால் இரண்டும் சேர்ந்து போகும். ஏப்ரல், மே மாலைகளில் இடியோடு வரும் காற்று சொல்லிக்கொண்டு வராது. வானம் கறுத்தால் முதலில் பக்கத் துணிகளை அவிழ்த்துவிடுங்கள்.

வீட்டில் பளிச்சென்று இருக்கும் என் பருத்தித் துணிகள் கடையில் மங்கலாகத் தெரிகின்றன. சாயம் சரியில்லையா? (ஜீவன்பீமா நகர் வாசகி)

சாயத்தில் ஒன்றும் குறையில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய் தெரிகிறது. வெயில் அதன் வழியாக இறங்கினால் அரக்கு கறுத்துவிடும், மஞ்சள் பச்சைக்குப் போய்விடும், வாங்க வருகிறவரின் முகமும் நோயாளி முகமாகிவிடும். வெள்ளைத் தார்ப்பாய் வாங்குங்கள். அதையும் மொட்டை மாடியில் கட்டிப் பார்த்துவிட்டே கொண்டுபோங்கள்.

டெரகோட்டா கம்மல் செய்கிறேன். இரண்டு நாள் சந்தைக்குச் சரக்கு போதவில்லை. சிக்பேட்டையில் மொத்த விலைக்கு வாங்கிய கம்மல்களையும் கலந்து வைத்தால் மேசை நிறைந்து தெரியும் என்கிறார் என் கணவர். செய்யலாமா? (மர்பி டவுன் வாசகி)

கூடாது. நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. எந்தச் சந்தைக்குப் போனாலும் "கைவினை" என்று பலகை மாட்டிய மூன்று கடைகளில் ஒரே கம்மல் தொங்குகிறது. அச்சில் வார்த்த கம்மலின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், நூல் போல ஒரு கோடு ஓடும். ஜோடியில் இரண்டுக்கும் ஒரே இடத்தில் ஒரே குறை இருக்கும். கையால் உருட்டிய ஜோடி அப்படி இருக்காது. ஒன்று மயிரிழை பெரிதாக இருக்கும், பின்பக்கத்தில் விரல் பதிந்திருக்கும். இதையெல்லாம் வாங்குபவர் கவனிக்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். உங்களிடம் 250 ரூபாய்க்கு வாங்கிய கம்மலை நாலாவது கடையில் 150க்குப் பார்ப்பார். திரும்பி வந்து சண்டை போட மாட்டார். சந்தை முழுவதுமே ஏமாற்று என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் கணக்கில், கையால் செய்து சுட்டு எடுத்த உங்கள் கம்மலும் அடிபடும்.

சென்னப்பட்டணத்துப் பொம்மைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடிக்கும். பிறகு தாழை மடலை வைத்து மெருகேற்றுவார்கள். அந்த நிறத்தில் தூரிகைத் தடமே இருக்காது. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனாலும் பெயின்ட் அடித்த ஏதோ ஒரு பொம்மை அதே பெயரில் பக்கத்து மேசையில் பாதி விலைக்கு உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசம் தெரியாதவர் எதை எடுப்பார்?

சரக்கு குறைவென்றால் மேசையைக் குறையுங்கள். ஆறடி மேசையில் முப்பது ஜோடி பரிதாபமாகத் தெரியும், மூன்றடி மேசையில் நிறைந்து தெரியும். ஒரு நோட்டு வைத்து ஆர்டர் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் களிமண் கொண்டுபோய் அங்கேயே உட்கார்ந்து மணி உருட்டுங்கள், கூட்டம் தானாக நிற்கும். கொக்கியும் கம்பியும் கடையில் வாங்கலாம், அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

குரோஷே பொம்மை விற்க அனுமதி ஏதாவது வேண்டுமா? (ஓசூர் வாசகர்)

வேண்டும். குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்றால் விலக்கு உண்டு. பதிவுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். பொத்தான் கண் தைக்காதீர்கள், குழந்தை விழுங்கிவிடும். நூலாலேயே கண் போடுங்கள்.

யுபிஐ வாங்கினால் ஜிஎஸ்டி நோட்டீஸ் வருமாமே? ரொக்கம் மட்டும் வாங்கலாமா? (ஸ்ரீராமபுரம் வாசகர்)

2025 ஜூலையில் வணிக வரித் துறையின் நோட்டீஸ் சிறு கடைகளுக்கு வந்தபோது பலர் க்யூஆர் அட்டையைக் கழற்றியது உண்மைதான். ஆனால் பொருள் விற்பவருக்குக் கர்நாடகத்துக்குள் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. நீங்கள் மாதத்தில் ஒரு சந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். 40 லட்சம் வந்தால் எனக்கும் சொல்லுங்கள். ரொக்கம் மட்டும் என்றால் பாதி விற்பனை போய்விடும். வரும் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, அன்றன்றைக்குக் கணக்கு எழுதுங்கள். வெளிமாநிலச் சந்தைக்குப் போவதென்றால் விதி வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஜனவரியில் குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்திரச் சந்தையில் ஊறுகாய் வைக்கலாமா?

அது ஓவியர்களுக்கான சந்தை. ஊறுகாயை வேறு இடத்தில் வையுங்கள். அங்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண் லேபிளில் இருக்க வேண்டும்.

தனியாகத்தான் கடை போடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போவது எப்படி? (விவேக் நகர் வாசகி)

பக்கத்துக் கடைக்காரரிடம் காலையிலேயே பேசி வையுங்கள். அவர் போகும்போது அவர் கடையை நீங்கள் பாருங்கள். கல்லாவை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். கூடாரத்தில் எடை கட்டியிருக்கிறீர்கள்தானே?