ஓர் அறுந்த இழை போதும்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். அப்பா தறி நெய்கிறார். நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டு. திறமூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடியவை) திட்டங்களுக்குப் பங்களிக்க ஆசை. ஆனால் அந்த நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தைத் திறந்தால் ஆயிரக்கணக்கான கோப்புகள், பயந்து மூடிவிடுகிறேன். ஆங்கிலமும் சரளமில்லை. எங்கிருந்து தொடங்குவது? – ஒரு வாசகி

பதில்: உங்கள் வீட்டில் யாரும் முதல் நாளே தறியில் உட்கார்ந்து பட்டு நெய்திருக்க மாட்டார்கள். ஊடைநூலைத் தார் சுற்றியிருப்பார்கள், அறுந்த இழையை முடிந்திருப்பார்கள். ஒரு பெரிய திட்டத்தின் எல்லாக் கோப்புகளையும் படித்தவர் அந்தத் திட்டத்திலேயே அநேகமாக இருக்க மாட்டார். உங்களுக்கும் ஓர் அறுந்த இழை கிடைத்தால் போதும்.

அன்றாடம் பயன்படுத்தும் லிப்ரெஆபிஸ் அலுவலக மென்பொருளையோ பயர்பாக்ஸ் உலாவியையோ தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு சொல் இடறும். அதற்குச் சரியான சொல்லைப் பரிந்துரையுங்கள். முதலாவதன் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற இணையதளத்தில் நடக்கிறது, இரண்டாவதற்குப் பொன்டூன் தளம். நிரல் எழுத வேண்டியதில்லை. இதைச் சில்லறை வேலை என்பவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

அடுத்தது வழு அறிக்கை, அதாவது மென்பொருளில் கண்ட பிழையைத் தெரிவிப்பது. "வேலை செய்யவில்லை" என்று மொட்டையாக எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எதை அழுத்தினீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். இதற்குப் பள்ளிக்கூட ஆங்கிலமே தாராளம். அதே வழுவை வேறு யாரும் முன்பே சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.

நிரலுக்கு வரும்போது 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர்களுக்கு ஏற்ற வேலை) என்று குறியிட்டவற்றில் ஒன்றை எடுத்து, சிறிய திருத்தமாக அனுப்புங்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம். பலர் தங்கள் ஓய்வுநேரத்தில்தான் இதைப் பார்க்கிறார்கள். ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம்.

எண்ணிக்கைக்காக மட்டும் அனுப்பாதீர்கள். திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-இல் இலவச டி-ஷர்ட்டுக்காக உப்புச்சப்பில்லாத திருத்தங்களைக் குவித்தார்கள். திட்டப் பொறுப்பாளர்கள் கொதித்துப்போக, சம்மதிக்கும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று பாதியிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

கணினியைத் திறக்கவே தயக்கமாக இருந்தால், ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியை நிறுவுங்கள். 2004-இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்துக்கு, தெருவில் நடந்தபடியே விவரம் சேர்க்கலாம். இந்தப் பாதை தார்ச்சாலையா, மண்சாலையா என்று கேட்கும். (நீங்கள் சுற்றும் தார் அல்ல!) உங்கள் தெருவை முடித்துவிட்டால், அடுத்த ஞாயிறு ஏற்காடு போகலாம். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அந்தப் பகுதியை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.