மாத்திரைக்கு அடங்காத கண் அரிப்பு

கேள்வி: ஒவ்வாமைக்குத் தினமும் செட்டிரிசின் மாத்திரை சாப்பிடுகிறேன். தும்மல் நின்றுவிட்டது, கண் அரிப்பு போகவில்லை, கண் வறண்டு எரியவும் செய்கிறது. சிவப்பு நீக்கும் சொட்டு மருந்து போட்டால் கொஞ்ச நேரம் பளிச்சென்று இருக்கிறது, பிறகு முன்பைவிட அதிகமாகச் சிவக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தச் சிவப்பு நீக்கியை நிறுத்துங்கள். நாஃபசோலின் வகை மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன, அவ்வளவுதான். அரிப்பைத் தூண்டும் வேதிப்பொருளான ஹிஸ்டமின் பக்கமே அவை போவதில்லை. வேகம் தீர்ந்ததும் குழாய்கள் கூடுதலாக விரிகின்றன. நிறுத்திய பிறகும் சில நாட்கள் சிவப்பு தூக்கலாகத்தான் தெரியும். அதற்குப் பயந்து மறுபடி போட்டால் பழைய கதைதான்.

ஒவ்வாமைப் பொருள் பட்டதும் விழிவெண்படலத்தில் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. ஹிஸ்டமின் ஒட்டும் இடங்களுக்கு ஏற்பி என்று பெயர்; எச்1, எச்2, எச்4 எல்லாம் அதன் வகைகள். நரம்பு நுனியில் உள்ள எச்1 ஏற்பியில் அது ஒட்டினால் அரிப்பு. இரத்தக் குழாயில் உள்ள எச்1-இல் ஒட்டினால் குழாய் விரிந்து, நீர் கசிந்து, இமை வீங்கும். எச்2 சிவப்புக்குத் துணை போகிறது. எச்4 ஈசினோஃபில் போன்ற அழற்சிச் செல்களை வரவழைக்கிறது. எச்1-ஐ அடைத்து அரிப்பு நின்றபிறகும் சிலருக்கு அழற்சி நீடிக்க இதுவும் ஒரு காரணம்.

மாத்திரையும் எச்1-ஐத்தான் அடைக்கிறது. ஆனால் உடம்பெல்லாம் சுற்றி வருவதால் கண்ணுக்குக் கிடைப்பது கொஞ்சம், கண்ணீரையும் குறைத்துவிடலாம். கண்ணீர் குறைந்தால் தூசியும் மகரந்தமும் கழுவப்படாமல் கண்ணிலேயே தங்கும்.

கண் அரிப்புக்குச் சொட்டு மருந்துதான் நேர்வழி. ஒலோபடடின் 0.1%, கீட்டோடிஃபென் 0.025% இரண்டில் ஒன்று, நாளுக்கு இருமுறை போதும். இவை எச்1-ஐ அடைப்பதோடு மாஸ்ட் செல்லையும் அடக்கி வைக்கும். சில நிமிடங்களிலேயே அரிப்பு தணியும். குரோமோகிளைகேட் சொட்டு ஏற்பியைத் தொடுவதே இல்லை, அதன் முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று பலர் கைவிடுவது இதைத்தான்.

ஒரு வேளைக்கு ஒரே சொட்டு. கீழிமைக்குள் சுமார் 30 மைக்ரோலிட்டர்தான் தங்கும். ஒரு சொட்டே அதை நிரப்பிவிடும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். கீழிமையை இழுத்துச் சொட்டை விட்டபின் கண்ணை மூடி, கண்ணின் மூக்கோரத்தில் விரலால் 1-2 நிமிடம் அழுத்துங்கள். இல்லையென்றால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். வேறு சொட்டும் போடுவதானால் 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். காண்டாக்ட் லென்ஸை முன்னதாகவே கழற்றிவிடுங்கள். மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் மென்லென்ஸில் ஊறிவிடும். மறுபடி மாட்ட 10-15 நிமிடம் ஆகட்டும், கண் சிவந்திருந்தால் மாட்டவே வேண்டாம்.

அரித்தால் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள், தேய்க்காதீர்கள். தேய்க்கும் அழுத்தமே மாஸ்ட் செல்களிலிருந்து இன்னும் ஹிஸ்டமினை வெளியேற்றும். ஆண்டுக்கணக்கில் தேய்ப்பவர்களுக்குக் கருவிழி கூம்பிப்போகும் ஆபத்தும் உண்டு.

மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு வேண்டவே வேண்டாம். கண் அழுத்தம் கூடலாம், புரையும் வரலாம். வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு இவற்றில் எது இருந்தாலும் அதை ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டிருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.