வாசகர் கேள்விகள்: நீச்சல் ரிலேயின் கடைசி ஆள்

கேள்வி: 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் உலக சாதனை சீனாவின் பான் ஜான்லெ நீந்திய 46.40 விநாடி என்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் ஜேசன் லெசாக் 2008-லேயே ரிலேயில் 46.06-ல் நீந்தியிருக்கிறாரே, அது ஏன் சாதனை ஆகவில்லை? இருவரில் யார் வேகம்? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டு நேரங்களையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. தனிநபர் போட்டியில் தொடக்க ஒலி கேட்ட பிறகுதான் உடம்பு அசைய வேண்டும். எவ்வளவு பழகிய வீரராக இருந்தாலும் ஒலிக்கும் பிளாக்கை (குதிக்க நிற்கும் மேடையை) விட்டுக் கால் எழுவதற்கும் இடையில் 0.6 முதல் 0.7 விநாடி வரை போய்விடும். நால்வர் ஒருவர்பின் ஒருவராக நீந்தும் ரிலேயில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆட்களுக்கு அந்த நஷ்டம் கிடையாது, முன்னால் நீந்தி வருபவரைப் பார்த்தபடியே கையை வீசி உடம்பை முன்னால் சாய்த்துவிடலாம், அவர் சுவரைத் தொடும் நொடியில் கால் விரல் பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். இதுதான் பறக்கும் தொடக்கம். அதனால்தான் ரிலேயில் முதல் ஆளின் நேரத்தை மட்டும் சாதனைக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

இனி லெசாக். 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங் ஒலிம்பிக், 4x100 ஃப்ரீஸ்டைல் ரிலே இறுதி, லெசாக் அமெரிக்காவின் கடைசி ஆள். அவர் குதிக்கும்போது பிரான்ஸ் 0.59 விநாடி முன்னால் இருந்தது. பிரான்ஸின் கடைசி ஆள் அலென் பெர்னார்ட், அன்று காலை வரை 100 மீட்டர் உலக சாதனைக்குச் சொந்தக்காரர். அதே ரிலேயில் ஆஸ்திரேலியாவின் முதல் ஆளாக நீந்திய எய்மன் சல்லிவன் 47.24-ல் முடித்து அந்தச் சாதனையைப் பறித்துவிட்டார், அதாவது பெர்னார்ட் தண்ணீரில் இறங்குவதற்குச் ஒன்றரை நிமிஷம் முன்பே அது கைமாறிவிட்டது! பெர்னார்ட் முதல் 50 மீட்டரை 21.27-ல் நீந்தினார், லெசாக் 21.50. ஆக, திரும்பும்போது இடைவெளி 0.82 ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் விட்டுப்போனால் பொதுவாக முடிந்த கதைதான். திரும்பிய பிறகு லெசாக் இரண்டு லேன்களையும் பிரிக்கும் கயிற்றோரமாகவே, பெர்னார்ட் கிளப்பிய அலையின் இழுப்பில் ஒட்டிக்கொண்டு வந்தார். கடைசி 50-ல் பெர்னார்ட் 25.46, லெசாக் 24.56. அமெரிக்கா 3:08.24, பிரான்ஸ் 3:08.32. அதே அமெரிக்க அணியில் நீந்திய மைக்கேல் ஃபெல்ப்ஸ் அந்த ஒலிம்பிக்கில் வென்ற எட்டுத் தங்கங்களும் இந்த 0.08-ல் தொங்கிக்கொண்டிருந்தன.

மூன்று நாள் கழித்து நடந்த தனிநபர் 100 மீட்டர் இறுதியில் லெசாக்கின் நேரம் 47.67, வெண்கலம், அதுவும் பிரேசிலின் செஸார் சியெலோவுடன் பகிர்ந்துகொண்டது. தங்கம் பெர்னார்டுக்குத்தான். 47.67-க்கும் 46.06-க்கும் வித்தியாசம் 1.61 விநாடி. பறக்கும் தொடக்கத்துக்கு 0.7-ஐத் தாராளமாகக் கழித்தாலும் இன்னும் 0.9 விநாடி மிச்சம் இருக்கிறது. பெர்னார்டின் அலை கொஞ்சம் உதவியிருக்கும், ஆனால் மீதியை முப்பத்திரண்டு வயது உடம்பிலிருந்து அவர்தான் பிழிந்து எடுத்தார். சிட்னி (2000), ஏதென்ஸ் (2004) ஒலிம்பிக்குகளில் இதே ரிலேயில் அமெரிக்கா தோற்றபோது இரண்டு முறையும் அணியில் அவர் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வெறி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது.

சரி, பான் ஜான்லெ? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் இறுதியில் 46.40. இரண்டாவது வந்த ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 47.48. நூறு மீட்டரில் ஒரு விநாடிக்கு மேல் இடைவெளி விழுவதெல்லாம் பார்க்கவே முடியாத விஷயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008, 2009-ல் பாலியுரேத்தேன் கலந்த நீச்சலுடைகள் உடம்பைத் தண்ணீரில் தூக்கிக்கொடுத்தன, அவற்றை 2010-லிருந்து தடை செய்துவிட்டார்கள். 2009-ல் ரோமில் சியெலோ நீந்திய 46.91 என்ற உலக சாதனையை 2022-ல் ருமேனியாவின் டேவிட் போபோவிச்சி (46.86) முறியடிக்கப் பதின்மூன்று வருஷம் ஆனது. பான் இடுப்பிலிருந்து முழங்கால் வரையிலான துணி உடையில்தான் 46.40-ஐத் தொட்டார். வேகமான நீச்சல்காரர் பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரிலேயில் யாரும் நீந்திய மிகச் சிறந்த நூறு மீட்டர் எது என்று கேட்டால் இன்றும் லெசாக்கைத்தான் சொல்வேன்.

கேள்வி: பான் ஜான்லெயும் ரிலேயில் கடைசியாக நீந்தித்தானே அமெரிக்காவைத் தோற்கடித்தார்? அதை லெசாக்குக்குக் கீழே வைப்பது நியாயமா? (ஈரோடு வாசகி)

பதில்: நல்ல கேள்வி. பாரிஸ் 4x100 மெட்லி ரிலேயில் (நால்வரும் நான்கு வெவ்வேறு பாணியில் நீந்துவது, கடைசி ஆளுக்கு ஃப்ரீஸ்டைல்) பான் குதிக்கும்போது சீனா மூன்றாவது, அமெரிக்காவைவிட 0.72 விநாடி பின்னால். அவர் 45.92-ல் முடித்தார், 46-க்குள் முதல்முறையாக ஒரு மனிதர். அமெரிக்காவின் ஹன்டர் ஆம்ஸ்ட்ராங் 47.19, பிரான்ஸின் ஃப்ளோரான் மனாடு 47.50. ஒலிம்பிக்கில் தான் கலந்துகொண்ட ஆண்கள் மெட்லி ரிலே ஒன்றில்கூட அதுவரை அமெரிக்கா தோற்றதில்லை. அந்த வகையில் அது மகத்தான நீச்சல்தான். ஆனால் 46.40-க்கும் 45.92-க்கும் வித்தியாசம் 0.48, அது தொடக்கத்தில் கிடைக்கும் லாபத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதாவது பான் தன் இயல்பான வேகத்தில் நீந்தினார், அந்த வேகம் மற்றவர்களுக்கு எட்டவில்லை. லெசாக் தன் எல்லையைத் தாண்டிப் போனார். நான் இரண்டையும் பிரிப்பது இந்த இடத்தில்தான்.

கேள்வி: உங்கள் அணிக்குக் கடைசி ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யார்? (கோவை வாசகர்)

பதில்: கைல் சால்மர்ஸ். பானை முதல் ஆளாக அனுப்புவேன், மற்ற அணிகள் அவர் கிளப்பும் அலையில் தடுமாறட்டும். சால்மர்ஸ் முதல் 50-ல் அவசரப்பட மாட்டார், திரும்பிய பிறகுதான் அவருடைய பந்தயமே ஆரம்பிக்கும், எதிரே ஒருவர் போய்க்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக நீந்துவார். டோக்கியோ ஒலிம்பிக் 4x100 ஃப்ரீஸ்டைல் ரிலேயில் பின்தங்கியிருந்த ஆஸ்திரேலியாவை 46.44-ல் நீந்தி வெண்கலத்துக்கு இழுத்து வந்தார். முன்னால் தனியாகப் போவது ஒரு திறமை, துரத்துவது வேறு திறமை, பயிற்சியாளர்கள் வெறும் நேரப்பட்டியலைப் பார்த்துக் கடைசி ஆளைப் போடாததற்குக் காரணமும் இதுதான்.

கேள்வி: பெண்களில் ரிலேயில் உலக சாதனை படைத்தவர் உண்டா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: உண்டு. ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோம், 2017 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப், 4x100 ஃப்ரீஸ்டைல் ரிலேயின் முதல் ஆளாக 100 மீட்டரை 51.71-ல் நீந்தினார். ஆனால் அதே போட்டியில் சில நாள் கழித்து தனிநபர் 100 மீட்டர் இறுதியில் தோற்றுப்போனார்: அமெரிக்காவின் சிமோன் மானுவெல் 52.27, ஷோஸ்ட்ரோம் 52.31.