இன்டர்கூலர் பைப்பில் ஆயில்: கேட்ச் கேன் போதுமா, எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: வணக்கமுங்க. பெருந்துறையிலிருந்து எழுதறனுங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்குன 1.8 லிட்டர் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ற கம்ப்ரெஸர்) பெட்ரோல் செடான் ஒண்ணு வெச்சிருக்கறனுங்க. 92,000 கி.மீ. ஓடியிருக்குது. நாலு மாசம் முன்னால அதுக்குச் சின்ன புல்லி போட்டு ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ரீமேப் பண்ணுனதுல பூஸ்ட், அதாவது அது தள்ற காத்தோட கூடுதல் அழுத்தம், 0.5 பார்ல இருந்து 0.75க்குப் போயிருச்சுங்க. போன வாரம் ஆழியாறு வழியா வால்பாறை ஏறி இறங்குனேன். இறங்கி முடிச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்ச உடனே பின்னால நீலப் புகை. வீட்டுக்கு வந்து இன்டர்கூலர் பைப்பைக் கழட்டிப் பார்த்தா நாலஞ்சு ஸ்பூன் ஆயில் நிக்குது. 1,500 கி.மீ.க்கு அரை லிட்டர் குறையுதுங்க. ஒரு பட்டறையில கேட்ச் கேன் (ஆயிலைப் பிடிச்சு வெக்கற டப்பா) மாட்டுனா சரியாயிரும்ங்கறாங்க. இன்னொருத்தர் ரிங் போயிருச்சு, எஞ்சினைப் பிரிக்கோணும்ங்கறார். எதைக் கேக்கறதுங்க?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. இறங்கியபின் வந்த புகை ஒரு வழியாக வந்தது. இன்டர்கூலரில், அதாவது சூப்பர்சார்ஜர் அமுக்கிய காற்றைக் குளிரவைக்கிற இடத்தில், நிற்கிற ஆயில் வேறொரு வழியாக வந்தது. வழி தெரியாமல் கேன் மாட்டினால், ஓடு மாற்றாமல் ஒழுகுகிற இடத்தில் அண்டா வைத்த கதைதான்.

எரிகிற வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அதுதான் ப்ளோ-பை. புது எஞ்சினிலும் உண்டு. ஆயில் துளிகளையும் பெட்ரோல் ஆவியையும் நீராவியையும் சேர்த்துக்கொண்டு அது வெளியேற வழி தேடும். வழி இரண்டு. ஐடிலிலும் மெதுவாக ஓட்டும்போதும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் வாக்குவம் இருப்பதால், பிசிவி (கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடும்) வால்வு வழியாக உறிஞ்சப்படும். பூஸ்ட் வந்ததும் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறி பிசிவி மூடிக்கொள்ளும். அப்போது வால்வு கவரிலுள்ள ப்ரீதர் ஹோஸ் வழியாக, ஏர் ஃபில்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவிலுள்ள பைப்பில் போய்ச் சேரும். அங்கிருந்து சூப்பர்சார்ஜருக்குள் சுற்றுகிற ரோட்டர், இன்டர்கூலர், சிலிண்டர்.

உங்கள் பயணத்தை இதில் பொருத்திப் பாருங்கள். ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாம் கியரில் பூஸ்ட். ப்ரீதர் வழியாகப் போன ஆயில் இன்டர்கூலரில் தங்கியது. இறங்கும்போது கால் எடுத்து எஞ்சின் பிரேக்கில் வந்தீர்கள். மேனிஃபோல்டில் வாக்குவம் உச்சத்தில் இருந்தது. அது பிசிவி வழியாகவோ வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுப்பது) வழியாகவோ ஆயிலை இழுத்திருக்கிறது. கால் வைத்ததும் புகையானது அதுதான். ரிங் மட்டும் போயிருந்தால் ஏறும்போதே புகை தெரிந்திருக்கும். அதனால் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னவர் அவசரப்படுகிறார்.

புல்லியின் பங்கும் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் 1.5 பார் இப்போது 1.75 ஆகியிருக்கிறது, ஏறத்தாழ 17 சதவீதம் கூடுதல். சிலிண்டர் அழுத்தம் ஏறினால் ப்ளோ-பையும் ஏறும். ஆனால் கம்பெனி வைத்த ப்ரீதர் தடுப்பும் ஹோஸும் பழைய அளவுக்குப் போட்டவை. கூடுதல் வாயு அதே துளையில் வேகமாகப் போகும்போது ஆயிலையும் வாரிக்கொண்டு போகும்.

இனி சோதனைகள். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். அந்த நுரைதான் ப்ரீதரில் ஏறும். சர்வீஸில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டதால் வந்த 'ரிங் கோளாறு' நிறைய உண்டு. முக்கால் அளவில் வைத்து ஓட்டுங்கள்.

அடுத்தது காகிதச் சோதனை. எஞ்சின் சூடானபின் ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றி, வாயின் மேல் ஒரு காகிதம் வையுங்கள். மெல்ல உள்ளே ஒட்டினால் சரி. பறந்தால் பிசிவி அடைத்திருக்கிறது அல்லது ப்ளோ-பை மிகுதி. மூடியைக் கழற்றவே விடாமல் இழுத்துப் பிடித்து விசில் அடித்தால் பிசிவி டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலான வண்டியில் இதுவும், ஆயில் ஊறி நொறுங்கிப்போன ப்ரீதர் ஹோஸும் சகஜம். பிசிவியோடு உள்ள ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதுங்கள். மேனிஃபோல்ட் பக்கமாகக் காற்று போக வேண்டும். திரும்பி வரவே கூடாது. வந்தால், பூஸ்ட் நேராகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கி சீல்களையும் டிப்ஸ்டிக்கையும் வெளியே தள்ளும். அந்த நிலையில் எந்தக் கேனும் உதவாது.

மூன்றாவது, புகை பிசிவியா ஸ்டெம் சீலா என்று பிரிப்பது. பிசிவி ஹோஸை மேனிஃபோல்ட் பக்கம் கழற்றி, ஹோஸ் வாய், மேனிஃபோல்ட் துளை இரண்டையும் ரப்பர் மூடியும் கிளாம்ப்பும் போட்டு அடையுங்கள். ப்ரீதர் திறந்தே இருக்கட்டும். வாயுவுக்கு அந்த வழி போதும். இப்படியே ஒரே ஒருமுறை மலை இறங்கிப் பாருங்கள். திம்பம் உங்களுக்குப் பக்கம். 27 வளைவு தாராளம். புகை நின்றுவிட்டால் பிசிவி. அப்போதும் வந்தால் ஸ்டெம் சீல். ஹெட்டைக் கழற்றாமலே சிலிண்டருக்குள் காற்று கொடுத்து வால்வைத் தாங்கவைத்து மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சோதனை முடிந்ததும் ஹோஸைப் பழையபடி மாட்டிவிடுங்கள்.

நான்காவது, லீக்-டவுன். எஞ்சின் சூடாக இருக்க, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷனில் பிஸ்டன் மேல்முனைக்கு வந்த இடத்தில் நிறுத்தி, ப்ளக் துளையில் 100 பிஎஸ்ஐ காற்று கொடுத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. கம்ப்ரெஸர் தயாராகிற கோவையில் காற்றுக்குப் பஞ்சமில்லை, கேஜ் செட் உள்ள பட்டறையைத் தேடுவதுதான் வேலை. கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் பிடியுங்கள். இல்லையென்றால் கிராங்க் சுற்றிக் கையை அடிக்கும். 10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல எஞ்சின். 20 வரை ஓட்டலாம். அதைத் தாண்டினால் காதை வையுங்கள்: ஆயில் மூடி வாயில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். வெறும் கம்ப்ரெஷன் டெஸ்ட் போதாது, எங்கே கசிகிறது என்று அது சொல்லாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தாலும், ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து ஒட்டியிருந்தால் அதிலும் தெரியாது, லீக்-டவுனிலும் தெரியாது.

இதையெல்லாம் விட நேரடியானது கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளப்பது. பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் வைத்து, கொத்தனார் மட்டம் பார்க்கிற தெளிவான ட்யூபை மாட்டி, யூ வடிவில் பலகையில் கட்டிப் பாதி தண்ணீர் விடுங்கள். டைனோவில் (வண்டியை நிறுத்தியபடியே உருளை மேல் ஓட்டிப் பார்க்கிற மெஷின்) ஓட்டிப் பார்ப்பது நல்லது. முழு பூஸ்டில் இரண்டு பக்க மட்டத்துக்கும் 10, 15 செ.மீ. வித்தியாசம் என்றால் கவலையில்லை. 70 செ.மீ. என்றால் 1 பிஎஸ்ஐ. அதை நெருங்கினால் கிராங்க் சீல் தாங்காது. காகிதச் சோதனையில் பலமாக இழுத்த வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள், தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும்.

ஒன்று பெரும்பாலும் மறந்துபோகும்: சூப்பர்சார்ஜரின் மூக்குப் பகுதியிலுள்ள கியருக்குத் தனி ஆயில் உண்டு, மொத்தம் ஒரு டம்ளருக்கும் குறைவு. அதன் சீல் தேய்ந்தாலும் இன்டர்கூலரில் ஆயில் வரும். இன்டர்கூலரில் எடுத்ததை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக, உங்கள் எஞ்சின் ஆயில் மாதிரியே இருந்தால் ப்ரீதர். வெளிர் நிறத்தில் வேறு வாடை அடித்தால் மூக்கு சீல். அந்த ஆயில் வற்றினால் போவது பேரிங்கும் கியரும்.

பிசிவி, ஒருவழி வால்வு, ஹோஸ் எல்லாம் புதிதாகி, லீக்-டவுனும் சரியாக இருந்து, அப்போதும் இன்டர்கூலரில் ஆயில் வந்தால் கேன் மாட்டுங்கள். இந்தப் பூஸ்டுக்கு அது தேவைதான். பூஸ்டில் சிலிண்டருக்குள் போகிற ஆயில் பெட்ரோலின் ஆக்டேனைக் குறைக்கும். நாக் (பெட்ரோல் நேரந்தவறி வெடித்துத் தட்டுவது) வரும், ஈசியூ இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், காசு கொடுத்து வாங்கிய பவர் அதிலேயே போய்விடும். இன்டர்கூலரின் உள்சுவரில் படிந்த ஆயில் சூட்டையும் வெளியே விடாது.

ஆன்லைனில் மலிவாக வருகிற கேன்களில் பாதி வெறும் டப்பா. மேலே இரண்டு துளை. ஒன்றில் நுழைந்த வாயு மற்றதில் நேராக வெளியேறிவிடும். கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ டிக் வெல்டிங் உள்ள லேத் பட்டறையில் செய்துகொள்வது மேல். 3 மி.மீ. கனமுள்ள அலுமினியக் குழாய், உள்விட்டம் 100 மி.மீ., உயரம் 150 மி.மீ.; சுமார் 1.2 லிட்டர் பிடிக்கும். உள்ளே வரும் குழாய் அடியிலிருந்து 60 மி.மீ. உயரம் வரை இறங்கட்டும். அதற்கு மேல் 3 மி.மீ. துளைகள் போட்ட தகடு, அதன்மேல் 40 மி.மீ. தடிப்புக்கு ஸ்டெயின்லெஸ் வலை, மறுபடி ஒரு துளைத் தகடு, அதற்கும் மேலே வெளியேறும் வழி. அகலமான இடத்துக்கு வந்ததும் வாயு வேகம் குறையும், வலையில் முட்டித் துளி சேரும், கீழே சொட்டும். சாதா இரும்பு நார் வேண்டாம், துருப்பிடித்து உதிரும். ரோட்டர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி முடியளவுதான். ஒரு பிசிறு போனாலும் கீறிவிடும். வெல்டிங் துகள், லேத் சீவல் எல்லாம் போக இரண்டு முறை கழுவி, 0.3 பார் காற்று அடைத்து, சைக்கிள் ட்யூபை முக்குவது போலத் தண்ணீரில் முக்கிக் கசிவு பாருங்கள்.

ஹோஸ் உள்விட்டம் 16 முதல் 19 மி.மீ.; நைட்ரைல் ரப்பர். சாதா சிலிகான் ஹோஸ் பார்க்க அழகு, ஆனால் ஆயில் வியர்க்கும். தோட்டத்துக்குப் போடுகிற நைலான் பின்னல் ட்யூப் சூட்டில் இளகி வாக்குவத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் தொய்வு விடாதீர்கள். தொய்ந்த இடத்தில் ஆயில் தேங்கி வழியை அடைக்கும். கேனை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, முன்பக்கக் காற்று படுகிற இடத்தில் மாட்டுங்கள்.

உங்களுக்கு முதலில் வேண்டியது ப்ரீதர் பக்கத்துக் கேன். வால்வு கவரிலிருந்து கேனுக்கும், கேனிலிருந்து திரும்ப ஏர் ஃபில்டருக்குப் பிந்தைய பைப்புக்கும் போகட்டும். காற்று அளக்கும் சென்சர் இருந்தால் அதற்கும் பிறகு சேருங்கள். பிசிவி பக்கத்துக்குத் தனியாகச் சிறியது போதும். ஆனால் மூடியில் சின்ன ஃபில்டர் வைத்த கேனை அங்கே மாட்டவே கூடாது. அளக்காத காற்று தூசியோடு உள்ளே போய் ஐடில் ஆடும், செக் எஞ்சின் லைட் எரியும். ப்ரீதரை வெளியில் திறந்துவிடுவதும் வேண்டாம். கேபினில் நாறும், பாரத் ஸ்டேஜ் விதிகளும் கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விட இடம் கொடுப்பதில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய ட்ராக்கில் போட்டிக்கு இறங்குகிற திறந்த ப்ரீதர் வண்டி என்றால் கணக்கே வேறு. சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விதியில் 2,000 சிசி வரை 2 லிட்டர் கேன், அதற்கு மேல் 3 லிட்டர். உள்ளே இருப்பது வெளியே தெரியவும் வேண்டும்.

கேன் மாட்டுவதற்கு முன் இன்டர்கூலரைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, காற்றடித்து ஒரு நாள் முழுக்கக் காயவையுங்கள். ரோட்டரில் பெட்ரோலோ கார்புரேட்டர் க்ளீனரோ அடிக்காதீர்கள். மேல்பூச்சும் பேரிங் கிரீஸும் கரையும்.

முதல் 500 கி.மீ.யில் ஒருமுறை, பிறகு ஆயிரத்துக்கு ஒருமுறை திறந்து அளந்து எழுதி வையுங்கள். இந்தப் பூஸ்டில் 1,000 கி.மீ.க்கு 20 முதல் 50 மி.லி. என்றால் பயப்பட வேண்டாம். மார்கழிக் குளிரில் கொஞ்ச தூரம் மட்டுமே ஓட்டினால் மோர் மாதிரி வெள்ளையாக வரும். அது நீராவி கலந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் கூடும். கூலன்ட் குறையாத வரை ஹெட் கேஸ்கெட் என்று பதற வேண்டாம். 200 மி.லி.யைத் தாண்டினால்தான் ரிங் பேச்சு. அப்படிப் பிரித்தால், ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுகிறவர்கள் 82 மி.மீ. சிலிண்டர் விட்டத்தில், மேலே உள்ள முதல் ரிங்கின் முனை இடைவெளியைப் பிஸ்டன் தயாரிப்பாளர் சொல்கிற அளவில், பொதுவாக 0.40 முதல் 0.50 மி.மீ. வரை வைக்கச் சொல்லுங்கள். நெருக்கி வைத்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டிப் பிஸ்டன் உடையும்.

கேனில் சேர்ந்ததை, நல்ல ஆயில்தானே என்று மறுபடி எஞ்சினில் ஊற்றிவிடாதீர்கள். அதில் தண்ணீரும் பெட்ரோலும் அமிலமும் கலந்திருக்கும். பட்டறையின் கழிவு ஆயில் பேரலில் சேர்த்துவிடுங்கள்.